மெல்லெண்ணெய் ஊற்றிய படலம்

வாய் அகன்று, கழுத்து ஒடுங்கி, கார் ஷெட்டின் சுவராணியில் தலைகீழாய்த் தொங்கித் தவமியற்றும் பச்சைப் பிளாஸ்டிக் புனலே, உன்னை முதற்கண் வணங்குகிறேன். நான் பாடப் புகுந்தது பெருங்கதை. அதன் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் கேட்போர் செவிக்குள் இறங்க நீயே துணை செய்வாய். உன் கடமையிலிருந்து நீ ஒருபோதும் வழுவியதில்லை என்பதற்கு நானே சாட்சி. தவறு உனக்குக் கீழே நடந்தது.

வாழ்க கண்ணாடிக்கடைக்காரன்! கிட்டப்பார்வை என்னும் பகைவனைக் குழிவில்லையால் வென்றவன். வெள்ளெழுத்து என்னும் முதுபகையைக் குவிவில்லையால் முறியடித்தவன். எழுத்துப் பலகையின் கடைசி வரியை எறும்பு ஊர்வலமென்று எண்ணியிருந்த கண்களுக்கெல்லாம் அது எழுத்துத்தான் என்று காட்டிக்கொடுத்த ஒளிவள்ளல். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்னும் இரட்டைக் கணையை நாள்தோறும் தொடுத்து, வந்தவர் எவரையும் பதில் அறியாது திணறவைத்த தீராத கேள்வியன். அவன் சொந்த மூக்கின் மேலும் ஒரு கண்ணாடி உண்டு. அதைப் பிறர் தொட்டால் அவனுக்குப் பொறுக்காது. அது எப்போதும் சற்றுச் சரிந்தே இருக்கும்.

இத்தகைய கோமானுக்கு ஒரு தேர் இருந்தது. வெள்ளையாய்ப் பிறந்து, வெயிலும் மழையும் மாறிமாறிக் குளிப்பாட்டியதில் பழுப்பேறியது. இடக்கதவில் கேட் உரசிய கீறலை விழுப்புண்ணாய்ப் பூண்டது. பின்னிருக்கையில் இருவர் ஏறினால் முனகி, மூவர் ஏறினால் பேச்சற்றுப் போவது. ஏசியைப் போட்டால் மேட்டில் ஏறாது, மேட்டில் ஏறினால் ஏசியைத் தாங்காது என்னும் கொள்கைப்பிடிப்புள்ளது. அவனுடைய ஒரே மகள் வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். கேட்டை உரசியதும் அவள்தான்.

அந்த மகளுக்குத்தான் வேலை கிடைத்தது. மேகங்கள் வந்து வாசற்படியில் உட்கார்ந்து இளைப்பாறும் உயரத்தில், ஊர் என்று சொல்ல ஒரு தெருவும் தெரு என்று சொல்ல ஒரு வளைவும் மட்டுமே உள்ள மலையுச்சியில், காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் குளிரின் கொடுமையையும் குறித்துக் கீழே இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வானிலை நிலையத்தில் அவள் பணியேற்க வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "சில நாள் காலைல தண்ணி உறையற அளவுக்குக் குளிருமாம்பா." தாய் உடனே எழுந்துபோய் இன்னொரு கம்பளியைப் பெட்டியில் திணித்தாள். தந்தை மட்டும் சாப்பாட்டில் கை வைத்தபடியே உறைந்துபோனான்.

ஏனெனில் அவன் மனக்கண்ணில், பவர் கூட்டவும் குறைக்கவும் இயலாத அந்தக் கண்ணில், ஒரு காட்சி எழுந்தது. விடியாத மலை, வெண்பனி, கையுறையோடு மகள் சாவியைத் திருகுகிறாள், எஞ்சின் உறுமாமல் இருமுகிறது, மறுபடி திருகுகிறாள், மறுபடி இருமுகிறது, தள்ளிவிட ஆளில்லை, கூப்பிட்டால் வர அவனில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. அதை "பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் இந்தக் காவியமே தேவைப்பட்டிருக்காது. அவனோ "ஆயில் மாத்தணும்" என்றான்.

"எதுக்குப்பா? நான் பஸ்லயே போயிடறேன். அங்க போய்ப் பார்த்துட்டு அப்புறமா கார எடுத்துக்கறேன்" என்றாள் மகள்.

அக்கணமே அவன் எழுந்தான். எச்சில் கையை வானோக்கி உயர்த்தினான். மின்விசிறி ஒரு நொடி தயங்கிச் சுழன்றது. "எம்பொண்ணு இந்த வீட்டுலேருந்து பஸ்ல போகமாட்டா. கார்லதான் கிளம்புவா. அதுவும் எந்தக் குளிர்லயும் ஒரே திருகுல கிளம்பற கார்ல. இது சத்தியம்!" என்று சூளுரைத்தான். மனைவி, கையைக் கழுவிவிட்டுச் சத்தியம் செய்யுமாறு கேட்டுக்கொண்டாள்.

கேளுங்கள், எஞ்சின் எண்ணெய்களின் குலமரபை! ஒவ்வொரு டப்பாவின் நெற்றியிலும் இரண்டு எண்களும் நடுவே டபிள்யூ என்னும் ஓர் எழுத்தும் பட்டம்போல் கட்டப்பட்டிருக்கும். முன்னே நிற்கும் எண், குளிரில் அந்த எண்ணெய் எவ்வளவு சோம்பும் என்பதைக் கூறும். எண் சிறிதானால் சோம்பலும் சிறிது. பின்னே நிற்கும் எண், எஞ்சின் கொதிக்கும்போது அது எவ்வளவு கெட்டியாய்த் தாக்குப்பிடிக்கும் என்பதைக் கூறும். நம் கோமானின் தேரில், எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலேயே 'ஜீரோ டபிள்யூ இருபது' என்று பொறித்திருந்தது. அதைப் பார்த்து அதையே வாங்கிவந்திருந்தால் அவன் சாதாரண மனிதன்.

அவன் கைப்பேசியைத் திறந்தான். அதனுள்ளே காணொளிக் குகைகளில் எண்ணற்ற முனிவர்கள் வீற்றிருந்தனர். ஒருவர், "மெல்லிய எண்ணெயே எஞ்சினின் உயிர்" என்றார். இன்னொருவர், "மெல்லிய எண்ணெயே எஞ்சினின் எமன்" என்றார். மூன்றாமவர் ஒரு கரண்டி எண்ணெயைப் பனிப்பெட்டியில் வைத்து எடுத்து, அது ஒழுகும் அழகை இசைப்பின்னணியோடு காட்டினார். நான்காமவர் மூவரையும் திட்டிவிட்டுத் தம் சேனலைப் பின்தொடரச் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கோமானுக்கு எதுவும் தெளியவில்லை.

கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் மதியம் அவன் ஆயில் கடைக்குப் படையெடுத்தான். தரையில் காலை வைத்தால் ஒட்டிக்கொண்டு விடாத கடை அது. கூரையிலிருந்து ஃபேன் பெல்ட்டுகள் கரும்பாம்புகளாய்த் தொங்க, அலமாரி தோறும் பொன்னிற டப்பாக்கள் அணிவகுத்து நிற்க, நடுவே ஒரு முக்காலியில், முழங்கை வரை பளபளக்கும் கைகளோடு கடைக்காரர் அமர்ந்திருந்தார். "சிந்தெடிக்ல நல்லா மெல்லிசா, ஆனா சூட்டுல நல்லா கெட்டியா, ஆனா ரொம்பக் கெட்டியா இல்லாம..." என்று கோமான் தொடங்கினான். கடைக்காரர் மூன்று டப்பாக்களை மேசையில் வைத்தார்.

ஜீரோ டபிள்யூ பதினாறு என்னும் மெலிந்த இளவரசன். ஜீரோ டபிள்யூ இருபது என்னும் முறைப்படி முடிசூடவேண்டிய பட்டத்தரசன். ஐந்து டபிள்யூ முப்பது என்னும் தோள்பருத்த தளபதி. மூவரையும் அவன் மாறிமாறிக் கையிலேந்தினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். காதருகே வைத்துக் குலுக்கி, எது விரைந்து அலைகிறது என்று கேட்டான். ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னான். "திறந்தா வாங்கணும் சார்" என்றார் கடைக்காரர். பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரர் இருமினார். அப்போதுதான் கடைக்காரர், ஒரு டப்பாவை வலக்கையிலும் ஒன்றை இடக்கையிலும் உயர்த்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இதா சார், இல்ல இதா?"

அந்தோ! எந்தக் கணையால் அவன் ஊரார் கண்களையெல்லாம் துளைத்தானோ அதே கணை திரும்பிவந்து அவன் மார்பிலே தைத்தது. தன் கடையின் இருட்டறையில், நெற்றியை இரும்பிலே பொருத்திக்கொண்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சார்" என்று அழாக்குறையாய்ச் சொன்ன எத்தனையோ பேரின் துன்பம் அவனுக்கு அன்றுதான் உறைத்தது. ஆனாலும் அவன் திருந்தவில்லை. "இன்னொரு தடவ அத காட்டுங்க" என்றான்.

முடிவில், மகளின் குளிரை எண்ணி, ஜீரோ டபிள்யூ இருபதையே மார்போடு அணைத்தான். "நல்லவேள எடுத்தீங்க. இதுதான் கடைசி டப்பா. அடுத்த லோடு எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார் கடைக்காரர். கோமான் அதை வெற்றியின் அறிகுறியாகக் கொண்டான். முன்னிருக்கையில் வைத்து அதற்கு சீட்பெல்ட்டும் மாட்டி வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

வீட்டு வாசலிலோ அவனுடைய ஊழ், ஒரு லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பாடுக, லாரிக்கார மச்சானையும்! கோமானின் மனைவிக்கு மூத்த அண்ணன், மகளுக்குத் தாய்மாமன், மலைகளை முதல் கியரிலும் பாலைகளைக் கடைசி கியரிலும் கடந்தவன், மீசையின் இரு நுனிகளும் இரு இண்டிகேட்டர்களாய் ஒளிர்பவன், எந்த நோய்க்கும் வெந்நீர், எந்த எஞ்சினுக்கும் கெட்டி ஆயில் என்னும் இரு மந்திரங்களால் வாழ்வை நடத்துபவன். மருமகள் முதன்முதலாகத் தனியே வண்டியோட்டிப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, ஏற்றியிருந்த சரக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். கையில் துண்டால் சுற்றிய ஒரு பெரிய டப்பா. அதைக் கைக்குழந்தையைப் போல் தங்கையிடம் நீட்டினான். இருபது டபிள்யூ ஐம்பது. அதைக் கவிழ்த்தாலும் விழ யோசிக்கும்.

கோமான் தன் டப்பாவைத் திறந்து காட்டியதுதான் பிழை. மச்சான் ஒரு சொட்டை ஆள்காட்டி விரலில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து, நெற்றியைச் சுருக்கி, வானத்தைப் பார்த்து, பிறகு தீர்ப்பளித்தான்: "மாப்ள, இது ஆயிலா? டீ கிளாஸ் கழுவின தண்ணி மாதிரில்ல இருக்கு. இத ஊத்த வேணாம்."

"மச்சான், நீங்க கொண்டாந்திருக்கறது ஆயில் இல்ல. ரோடு போடற தாரு" என்றான் கோமான்.

இரண்டு சொற்றொடர்கள்தான். ஆயினும் அவை மோதிய இடத்தில் பொறி பறந்தது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டான். கோமான் கண்ணாடியை மேலேற்றினான். அக்கணத்திலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் இதற்கொரு முறை உண்டு: மாப்பிள்ளையும் மச்சானும் முறைத்துக்கொண்டால், ஒருவர் மற்றவரிடம் நேராக ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, எதுவானாலும் நடுவில் இருப்பவள் வழியாகவே போகவேண்டும். டிவி வந்த புதிதில், ஏரியல் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதில் தொடங்கிய மரபு அது. அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட, "அந்த டீத் தண்ணி மலைச் சூட்டுல தாங்காது, ஊத்த வேணாம்னு சொல்லு" என்று மச்சான் சொல்லவும், "எஞ்சின் மூடியிலேயே போட்டிருக்கான், அவரு லாரிய அவரு பார்த்துக்கச் சொல்லு" என்று கோமான் சொல்லவும், அன்று மாலை முழுதும் அந்தப் பெண்மணியின் கழுத்து இடமும் வலமும் திரும்பித் தேய்ந்தது.

மறுநாள் விடிந்தது போர்க்களம். பட்டறைக்குப் போகலாமே என்று மகள் கேட்டாள். பட்டறையில் பீப்பாயிலிருந்து எதையாவது மொண்டு ஊற்றிவிடுவார்கள் என்பதில் மட்டும் இரு மன்னரும் ஒரே கட்சியாக இருந்தனர். ஆகவே தேர் ஜாக்கியில் ஏறியது. ஸ்டாண்டுகளின் மேல் அமர்ந்தது. மெல்லெண்ணெய் ஊற்றும் உரிமை கோமானுக்கு என்றும், கீழே படுத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்கும் உரிமை மச்சானுக்கு என்றும், வீட்டம்மாள் நடுவராய் நின்று தீர்த்திருந்தாள். மச்சான் இதற்கு ஒப்புக்கொண்டது, கீழிருந்தபடியே மாப்பிள்ளையின் மனத்தை மாற்றிவிடலாம் என்னும் நம்பிக்கையில்தான்.

பழைய கோணியை விரித்து அதன்மேல் மல்லாந்து, இடுப்பளவு மட்டுமே உலகுக்குத் தெரியுமாறு அவன் தேரின் வயிற்றுக்கடியில் புகுந்தான். பானெட்டைத் திறந்து, அதன் வாய்க்குள் தலையை நுழைத்து, கோமான் மேலே நின்றான். இருவருக்கும் இடையே ஓர் எஞ்சினின் தூரம். ஒருவன் மூச்சு விட்டால் மற்றவனுக்குக் கேட்கும். ஆயினும் முறை முறைதான்.

"தங்கச்சி, போல்ட்டு இறுகிக் கிடக்கு. பெரிய ஸ்பானரா எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"பெரிய ஸ்பானராம்."

"பெருசு போட்டா போல்ட்டுத் தலை மழுங்கிடும்னு சொல்லு."

"மழுங்கிடுமாம்."

"அவரு மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ இல்ல இது, எனக்குத் தெரியும்னு சொல்லு. அப்புறம், அத ஊத்த வேணாம்னும் சொல்லு."

வீட்டம்மாள் இரண்டையும் சொல்லவில்லை. அவள் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். டாக்டர் சொன்னதை நோயாளியிடமும், நோயாளி சொன்னதை டாக்டரிடமும், இருவரும் சொல்லாததை உறவினரிடமும் எடுத்துச் சொல்லியே வாரம் முழுவதும் தொண்டை வறள்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைவாரி விடவேண்டும் என்று நினைத்திருந்தாள். அவள் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றினாள். தேரின் மேலும் கீழுமாகப் பிளந்து கிடந்த அந்த இரண்டு ஆண்களையும் நோக்கி, போர்க்களமே செவிசாய்க்க முழங்கினாள்:

"வாரம் பூரா இதே வேலையத்தான் சம்பளத்துக்குப் பார்க்கறேன். லீவு நாள்லயும் என்னால முடியாது. இனிமே ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொன்னேன்னா என்னை ஏன்னு கேளுங்க. நீங்களாச்சு, உங்க ஆயிலாச்சு!"

தூதுவள் பதவியைத் துறந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய அண்ணனுக்குக் கார்ச்சக்கரம் மறைத்ததால் அவள் போனது தெரியாது. அவள் கோபத்தில் சொல்வதை நம்பி அவன் வளர்ந்தவனும் அல்லன்.

கருங்குழம்பாய்ப் பழைய எண்ணெய் முழுதும் வடிந்து முடிந்தது. மச்சான் அந்தத் தொட்டியை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினான். துளையைத் துடைத்தான். போல்ட்டை எடுத்துப் பார்த்தான். அதன் வாஷர் தேய்ந்து வெள்ளித்தாள் போல் ஆகியிருந்தது. புதிய வாஷர் லாரியின் டூல் பெட்டியில் உண்டு. எடுத்துவந்து மாட்டவேண்டும். ஒரு நிமிட வேலை. போல்ட்டை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, தங்கை நின்றிருந்த திசையை நோக்கி, எந்த விளக்கமும் சேர்க்காமல், காரணம் சொல்லுவது தன் தகுதிக்குக் குறைவு என்று கருதுபவனாய், மச்சான் கூறினான்:

"தங்கச்சி, ஊத்த வேணாம்னு சொல்லு."

மேலே நின்றவனுக்கு அது தெள்ளத்தெளிவாகக் கேட்டது. ஓர் எழுத்தும் தப்பவில்லை. ஆனால் நேற்று மாலையிலிருந்து அவன் கேட்டுக் கேட்டுச் சலித்த சொற்கள் அவைதானே! டீ குடிக்கும்போதும் கேட்டான், சாப்பிடும்போதும் கேட்டான், பல் விளக்கும்போது குளியலறைக் கதவுக்கு அப்பாலிருந்தும் கேட்டான். இது அதே பழைய பல்லவி, இத்தனைக்குப் பிறகும் அடங்காத கெட்டிக் கட்சியின் கடைசிப் பிதற்றல் என்றே கொண்டான். அவன் உதடுகளில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆணியிலிருந்து புனலை எடுத்தான். மூடியைத் திருகித் திறந்தான். மகளின் மலையை நினைத்துக்கொண்டான்.

ஊற்றினான்.

ஆகா, என்ன ஓட்டம் அது! பொன்னை உருக்கி நூலாய் நூற்றாற்போல், தயக்கமென்பது அறியாததாய், புனலின் வாயில் புகுந்து, கழுத்தில் சுழன்று, எஞ்சினின் மண்டைக்குள் இறங்கி, அங்குள்ள உருளைகளையும் சங்கிலிகளையும் ஒரு முத்தமிட்டு, சந்துகள் தோறும் சரசரவென வழுக்கி, அடிவயிற்றின் குழிக்கு வந்து, அங்கே தனக்கென ஒரு வாசல் திறந்து கிடக்கக் கண்டு, யாரையும் கேளாமல் அவ்வழியே வெளியேறி, பகலொளியைக் கண்ட மகிழ்ச்சியில் துள்ளி, தன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்காக அப்போதுதான் வாய் திறந்த மச்சானின் மீசையின்மேல் வீழ்ந்தது. குளிரிலும் தயங்காது பாயும் என்று டப்பாவில் போட்டிருந்தது உண்மைதான்.

"மாப்ள! நிறுத்துங்க மாப்ள!"

கோமானின் உள்ளம் பூரித்தது. மச்சான் நேராகப் பேசிவிட்டான்! முறையை முதலில் உடைத்தவன் தோற்றவன் என்பது அந்த வீட்டுச் சட்டம். வெற்றிக் களிப்பில் அவன் டப்பாவை இன்னும் சாய்த்தான்.

"மாப்ள! போல்ட்டு எங்கிட்ட இருக்கு!"

இது எட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. எட்டியபோது டப்பா லேசாகியிருந்தது. கோமான் அதை நிமிர்த்தி, உள்ளே பார்த்தான். பிறகு குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். அங்கிருந்து, முழங்கையால் ஊர்ந்து, கோணியோடு சேர்ந்தே வழுக்கி, ஓர் உருவம் வெளிப்பட்டது. தலை முதல் மார்பு வரை பொன்னிறம். மீசை இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கியது. கையில் மட்டும் போல்ட்டை இறுகப் பிடித்திருந்தது. அது எழுந்து உட்கார முயன்று, வழுக்கி, மறுபடி முயன்று உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். நடுவில் யாருமில்லை.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன் மாப்ள" என்றான் மச்சான், கண்ணைத் துடைத்தபடி. "நல்லாத்தான் ஓடுது."

கோமான் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிமெண்ட்டில் அவன் கடைசி டப்பா பளபளவென்று பரவிக்கொண்டிருந்தது. ஊரில் இனி ஒரு டப்பா இல்லை. மகள் இன்னும் சற்று நேரத்தில் கிளம்பியாக வேண்டும். மறுநாள் காலை அவள் அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவனுக்கு அழுகை வந்தது. வானிலை நிலையத்துக்கு அறிவிக்கவேண்டிய அளவுக்கு அல்ல, ஆனாலும் வந்தது.

மூக்கை உறிஞ்சிவிட்டு, மானம் என்னும் கவசத்தைக் கழற்றி எறிந்து, தந்தை என்னும் வெற்று மார்போடு அவன் எழுந்தான். ஷெட்டின் மூலைக்குச் சென்றான். துண்டால் சுற்றியிருந்த கெட்டி எண்ணெயை எடுத்துவந்தான். உலகம் கண்டிராத தியாகம் அது. "மச்சான், போல்ட்ட மாட்டுங்க. இதையே ஊத்திடலாம்."

"வேணாம்" என்றான் மச்சான்.

"என்ன வேணாம்? நீங்க கொண்டாந்ததுதானே?"

"கொண்டாந்தேன். அவ போற எடத்துல தண்ணியே உறையும்னு அவதான் சொன்னாளே. இது காலைல களி மாதிரி கிடக்கும். எம்மருமக இருட்டுல சாவியத் திருகிட்டு உக்காந்திருப்பா. நான் இத ஊத்த விடமாட்டேன்."

"ஏறப்போறது மலை மச்சான்! வளைவுக்கு வளைவு எஞ்சின் கொதிக்கும். மெல்லிசு தாங்காதுன்னு நேத்து சொன்னது யாரு? கெட்டியா இருந்தாத்தான் நிக்கும்!"

"எஞ்சின் மூடியிலேயே போட்டிருக்கான்னு நேத்து சொன்னது யாரு? அதுல என்ன போட்டிருக்கோ அதான் ஊத்தணும். மெல்லிசுதான்!"

கண்டீர்களா இந்த விந்தையை! படைகள் இடம் மாறின, கொடிகள் கைமாறின, கெட்டிக் கோட்டையின் மேல் கோமான் ஏறிநின்று அம்பு தொடுக்க, மெல்லெண்ணெய் மேனியெங்கும் சொட்டச்சொட்ட மச்சான் அதே மெல்லெண்ணெய்க்காக மார்தட்டினான். நேற்று இவன் சொன்னதையெல்லாம் இன்று அவன் சொன்னான். அவன் சொன்னதையெல்லாம் இவன் சொன்னான். தூதுவள் இல்லாமலேயே ஒருவர் சொன்னது மற்றவருக்கு அத்தனை நன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் நடுவழியில் தனியாக நிற்கக்கூடாது என்பதே இருவர் நெஞ்சிலும் இருந்த பயம். ஒரே பயம்தான். அதை ஒருவன் மெல்லிசாகவும் ஒருவன் கெட்டியாகவும் ஊற்றப் பார்த்தான்.

மகள் வெளியே வந்தாள். தோளில் பை, கையில் பெட்டி, பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு அவள் அம்மா. ஸ்டாண்டுகளின் மேல் நின்ற காரையும், தரையில் பரவிய பொன்னையும், மாமாவின் மீசையையும், அப்பாவின் முகத்தையும் அவள் வரிசையாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வரேன்பா. வரேன் மாமா."

"ஒரு நிமிஷம் இரும்மா, இதோ முடிவாயிடும்" என்று இருவரும் ஒருசேரக் கையை உயர்த்தினார்கள். அவளைப் பார்க்கவில்லை.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் மூக்கிலிருந்து சரிந்திருந்த கண்ணாடியைக் கழற்றினாள். அதில் எண்ணெய் தெறித்திருந்தது. துப்பட்டா நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டி, நேராக்கிவிட்டாள். தன் கண்ணாடியில் பிறர் கை படப் பொறாத கோமான், அப்போது "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம் உங்க ஆயில் என்ன ஆகும் மச்சான், அதச் சொல்லுங்க!" என்று முழங்கிக்கொண்டிருந்தான்.

அவ்வாறு, விரல்கள் வாளாகவும் டப்பாக்கள் கேடயமாகவும் ஸ்பானர்கள் கதாயுதமாகவும், சுழியமும் இருபதும் ஐம்பதும் எட்டுத் திக்கிலும் சிதறி வீழ, அண்டை வீட்டு மாடிகளில் தலைகள் முளைக்க, திறந்த பானெட்டு தன் வாயை மூடாது வியந்து நிற்க, பச்சைப் புனல் இரு தரப்புக்கும் நடுவே ஒரு கடைசிச் சொட்டை விடலாமா வேண்டாமா என்று தவிக்க, வென்றவரும் தோற்றவரும் யாரென்று காலமே குழம்பி நின்ற அந்த மாபெரும் போர் முன்னிலும் உக்கிரமாய் மூண்டெழுந்த நேரத்தில், தெருமுனைக்கு பஸ் வந்தது, மகள் ஏறிப் போய்விட்டாள்.